சோடியத்துக்கு ஆள் கிடைக்கவில்லை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு ஒரே பக்கம்தான் போகும். அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் மாதிரி வருமா, அந்தக் காலத்து வாத்தியார் மாதிரி வருவார்களா. போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவரும் இதையே ஆரம்பித்தார். "நம்ம காலத்துப் பாடம்லாம் இன்னும் மனசுல நிக்குது பாருங்க" என்றார். "எனக்கு நிக்கிறது ஒரே ஒரு பாடந்தாங்க. அதையும் பாதியில புடுங்கிட்டாங்க" என்றேன். அதன் பிறகு அவர் ரசத்தைப் பற்றிப் பேசினார்.

உங்களுக்கும் அந்தப் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். பிடிக்காவிட்டால் நீங்களும் ரசத்துக்குப் போகலாம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி ஓட்டுவார்கள். காவேரிப் பாலத்தில் ஏறும்போது அதற்கு இளைப்பு வந்துவிடும். ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிற பெண்கள் மூக்கு நுனியில் கரியோடு வந்து இறங்குவார்கள். எங்கள் பள்ளிக்கூடம் டவுனில் ஒரு வெல்ல மண்டியின் மாடியில் இருந்தது. பலகைத் தளம். இடுக்கு வழியாக வெல்லத்தின் வாசனை ஏறி வரும், மழைக்காலத்தில் அது புளித்து வரும். குளவிகள் பாடம் கேட்கும். சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பதற்கு முன்னால் எறும்பு திறந்திருக்கும்.

நான் மூன்றாம் பாரத்தில் இருந்தேன், இப்போதைய கணக்கில் எட்டாம் வகுப்பு. எங்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் அதோடு முடிந்துவிடும். நாலாம் பாரத்திலிருந்து பெண்களுக்குத் தையல்தான். அந்த வருஷம் ஹெட்மிஸ்ட்ரஸ் எப்படியோ பேசி, கமிட்டிக்காரர்களைச் சம்மதிக்கவைத்து, நாலாம் பாரத்திலும் சயன்ஸ் வைக்க அனுமதி கேட்டு எழுதிப்போட்டிருந்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் வந்து ஒரு பாடம் நடத்தச் சொல்லிப் பார்ப்பார். அவருக்குத் திருப்தியாக இருந்தால் சயன்ஸ் உண்டு, சயன்ஸ் டீச்சருக்கு வேலையும் நிரந்தரம். இல்லையென்றால் எங்களுக்கு ஊசி நூல், டீச்சருக்கு வீடு.

எனக்குத் தையல் பிடிக்காது. சயன்ஸ் பிடிக்கும். இதில் சொல்வதற்குக் காரணம் ஒன்றுமில்லை. சிலருக்குப் பாகற்காய் பிடிக்கும்.

சயன்ஸ் டீச்சர் ஸ்ரீரங்கத்துக்காரர். புருஷன் முகத்தைச் சரியாகப் பார்ப்பதற்குள் தாலி போனவர். தகப்பனார் மெட்ராஸில் ஹாஸ்டலில் வைத்துப் படிக்கவைத்துவிட்டு அவரும் போய்ச் சேர்ந்தார். டீச்சர் அண்ணன் வீட்டில் இருந்தார். நெற்றியில் ஒன்றும் கிடையாது, கையில் ஒன்றும் கிடையாது, புடவையில் கலர் கிடையாது. இருபத்தைந்து வயதுகூட ஆகியிருக்காது. எங்கள் அம்மாமார் யாராவது மாடிப்படியில் எதிரே வந்தால் அவராகவே சுவரோரமாக ஒதுங்கி நின்று வழிவிடுவார். எல்லோருக்கும் அது சௌகரியமாக இருந்தது.

சயன்ஸ் அறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. அதில் சோடியம் என்று சீட்டு ஒட்டிய ஜாடி ஒன்று. சோடியத்தைக் காற்றில் வைத்தால் கெட்டுவிடும், தண்ணீரில் போட்டால் சீறும், அதனால் மண்ணெண்ணெய்க்குள் போட்டு வைப்பார்கள். எங்கள் ஜாடியில் சோடியம் என்றோ தீர்ந்து மண்ணெண்ணெய் மட்டும் மிச்சம் இருந்தது. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்ததும் அதையும் யாரோ விளக்குக்கு ஊற்றிக்கொண்டார்கள். கடைசியில் சீட்டு மட்டும்தான் சோடியம்.

ஆகவே இன்ஸ்பெக்ட்ரஸ் முன்னால் செய்துகாட்ட டீச்சரிடம் சாமான் ஒன்றும் இல்லை. இருந்தது நாங்கள்தான். எங்களையே அணுக்களாக நிறுத்துவது என்று முடிவு செய்தார்.

பாடம் உப்பைப் பற்றியது. சோடியமும் குளோரினும் ஏன் சேருகின்றன என்பது கேள்வி. அணுவின் நடுவில் கரு, அதைச் சுற்றி வட்டம் வட்டமாக எலக்ட்ரான்கள். வெளி வட்டத்தில் எட்டு இருந்துவிட்டால் அணு அடங்கி உட்கார்ந்துவிடும், ஆர்கான் மாதிரி. இல்லாவிட்டால் எட்டுக்கு வழி தேடும். சோடியத்துக்கு வெளி வட்டத்தில் ஒன்றுதான். குளோரினுக்கு ஏழு. சோடியம் அந்த ஒன்றைக் கொடுத்துவிட்டால் அதற்கு அடியில் இருக்கிற வட்டம் வெளி வட்டமாகிவிடும், அதில் ஏற்கெனவே எட்டு இருக்கிறது. குளோரின் அதை வாங்கிக்கொண்டால் ஏழு எட்டாகிவிடும். இரண்டுக்கும் வேலை முடிந்தது.

டீச்சர் தரையில் சாக்பீஸால் வட்டங்கள் போட்டார். உள் வட்டங்களில் புள்ளிகள் வைத்தார். வெளி வட்டத்து எலக்ட்ரான்களை மட்டும் நடுவில் நிற்கிற பெண் கையில் போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடி வளையல்களாக.

புளியங்கொட்டையை வைத்துக்கொண்டால் போதாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

"உள்ளங்கையில கொட்டை இருக்கா இல்லையான்னு கடைசி நாற்காலிக்குத் தெரியுமோ?" என்றார் டீச்சர். "வளையல்னா தெரியும். சத்தமும் கேக்கும்."

சரியான பதில்தான். அதில் என்ன சிக்கல் இருக்கிறது என்று மற்றவர்களுக்கு முன்னால் அவருக்குத்தான் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. அல்லது தோன்றியும் செய்தாரோ என்னவோ, நான் கேட்டதில்லை.

டீச்சர் வளையல் கடைக்குப் போக முடியாது. போனால் தெருவே பார்க்கும். என்னையும் என் பெஞ்சுக்காரியையும் அனுப்பினார். பெஞ்சுக்காரி ஸ்ரீரங்கத்தில் கோயில் கைங்கரியக்காரர் வீட்டுப் பெண். வாய் நீளம். பெரிய கடைவீதியில் வளையல்காரர் துணிச்சுருளை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார். சுருளுக்குள் சிவப்பும் பச்சையும் கருப்புமாகக் கோத்து வைத்த வளையல்கள். இப்போது அந்த மாதிரிச் சுருளை நான் பார்ப்பதே இல்லை.

"யாருக்குப் பாப்பா?" என்றார்.

"ஆர்கானுக்கு எட்டு, குளோரினுக்கு ஏழு, சோடியத்துக்கு ஒண்ணு" என்றாள் பெஞ்சுக்காரி, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"பேரெல்லாம் பொன்மலை சட்டைக்காரப் பொண்ணுங்க பேராட்டம் இருக்கே. அளவு பாக்கணும், கையக் கூட்டியாங்க." ஆங்கிலோ இந்தியர்களைத்தான் சட்டைக்காரர் என்பார்கள். பிறகு யோசித்துவிட்டுக் கேட்டார்: "அதாரு, ஒத்த வளையலோட அலையறவ? அவளப் பெத்தவ பாத்துட்டு சும்மாவா இருக்கா?"

நாங்கள் பாலக்கரை வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். படித்தவர்கள் யாருக்கும் தோன்றாத கேள்வியை அவர் கேட்டுவிட்டார் என்றெல்லாம் சொல்லமாட்டேன். வளையல் விற்கிறவருக்கு வளையல் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

யார் எந்த அணு என்று ஹெட்மிஸ்ட்ரஸ் முடிவு செய்தார். பெஞ்சுக்காரியை ஆர்கான் ஆக்கினார். ஆர்கானுக்கு எட்டும் இருக்கிறது, யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம் வாங்கவும் வேண்டாம், யாரையும் தொடாமல் தனியாக நிற்கலாம். அவள் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார் என்று கணக்கு.

"நான் சும்மா நிக்கணுமா?" என்றாள் அவள்.

"ஆமா. உனக்குத்தான் எல்லாம் இருக்கே" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"எல்லாம் இருந்தா எதுக்கு டீச்சர் பள்ளிக்கூடம் வரணும்?"

குளோரின் ஒரு மளிகைக்கடைக்காரர் மகள். சோடியம் ஒரு வக்கீல் குமாஸ்தா மகள். முதல் நாள் ஒத்திகையில் சோடியம் தன் ஒற்றை வளையலைக் கழற்றிக் குளோரினுக்குப் போட்டாள், நாங்கள் கைதட்டினோம், மணி அடித்தது. மறுநாள் காலை சோடியத்தின் அம்மா மாடியேறி வந்தார்.

"எம்பொண்ணு கைல கெடக்கறதையும் உருவிக் குடுத்துட்டு மொட்டக் கையோட நிக்கணுமாமே? நல்ல நாளும் அதுவுமா? இதுக்கா அனுப்பறேன் பள்ளிக்கூடத்துக்கு?"

பெண் கையில் வளையல் இல்லாமல் நிற்பது எப்போது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புருஷன் செத்தால் உடைத்து எடுப்பார்கள். அந்த அம்மாள் பேசியபோது டீச்சர் அங்கேதான் நின்றார். அவர் கையை யாரும் பார்க்காத மாதிரி எல்லோரும் பார்த்தார்கள்.

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டார். "நீ நில்லு சோடியமா. வேதக்காரங்களுக்கு இதெல்லாம் கெடையாது."

நாங்கள் வேதக்காரர்கள்தான். மாதா கோயில் தெருவில் வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை. ஆனால் ஞானஸ்நானத் தண்ணீரைத் தலையில்தான் ஊற்றினார்கள், கையில் ஊற்றவில்லை. வீட்டில் போய்ச் சொன்னதும் அம்மா அரிசி களைந்த கையோடு வந்தாள்.

"யாரு சொன்னா நமக்குக் கெடையாதுன்னு? போன வருசம் செத்துப்போன சின்னப்பன் பொஞ்சாதிக்கு ஒடைக்கலயா? நீயும் பாத்துக்கிட்டுத்தான இருந்த?"

அப்பா ரயில்வே ஆபீசில் கிளார்க். பேப்பரை இறக்காமல் சொன்னார்: "பாடந்தானே. வேதாகமத்துல எங்கயாச்சும் வளையலப் பத்தி எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கறதையெல்லாம் செஞ்சு முடிச்சிட்டீங்களாக்கும்."

அப்பா பேப்பருக்குள் திரும்பிப் போனார். எங்கள் வீட்டில் எந்த விவாதமும் இதற்கு மேல் போனதில்லை.

அதோடு ஹெட்மிஸ்ட்ரஸ் வகுப்பில் ஒவ்வொருத்தியாகக் கேட்டார். ஒருத்திக்கும் வீட்டில் சம்மதமில்லை. ஏழு வளையல் போட்டுக்கொள்ளவும் எட்டுப் போட்டுக்கொள்ளவும் வரிசையில் நின்றார்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு நிற்க ஆள் இல்லை. இதற்கிடையில் குளோரினாக இருந்தவளுக்கு அம்மை போட்டுவிட்டது, அந்த இடத்துக்கு என்னைப் போட்டார்கள். அம்மாவுக்கு இதில் ஆட்சேபம் இல்லை. "ஏழு வளையலா? போட்டுக்க. கை நெறைய இருந்தா நல்லதுதான்" என்றாள்.

ஒத்திகையில் நான் டீச்சரிடம் கேட்டேன்: "எட்டு வந்துட்டா குளோரின் ஆர்கானாயிடுமா டீச்சர்?"

"ஆகாது. வெளியில இருக்கற கணக்குதான் மாறித்து. நடுவுல இருக்கற கரு மாறவே இல்ல. அது என்னவோ அதுவாத்தான் இருக்கும்."

"அப்ப சோடியம்?"

"அதுவும் அப்படித்தான். ஒண்ணு போனதுனால சோடியம் சோடியம் இல்லேன்னு ஆயிடாது. பேர்ல ஒரு அயனி சேரும். அவ்வளவுதான்."

இன்ஸ்பெக்ட்ரஸ் வந்த அன்று மண்டியில் தார்ப்பாய் போட்டு வெல்லத்தை மூடச் சொல்லியிருந்தார்கள். ஆனாலும் குளவி வந்தது. இன்ஸ்பெக்ட்ரஸ் வெள்ளைக்கார அம்மாள். உயரம். வெயில் தொப்பி. தமிழ் பேசுவார், எழுதிவைத்துப் படிக்கிற மாதிரி. பின்னால் நாற்காலிகளில் கமிட்டிக்காரர்கள். நடுவில் பள்ளிக்கூடத்தின் கரஸ்பாண்டென்ட். கீழே இருந்த மண்டியும் அவருடையதுதான்.

நான் என் வட்டத்தில் ஏழு வளையலோடு நின்றேன். ஓரத்தில் பெஞ்சுக்காரி எட்டோடு. சோடியத்தின் வட்டத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் ஒரு பச்சை வளையலை வைத்திருந்தார் டீச்சர். அந்த ஸ்டூலைத்தான் சோடியம் என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு இன்ஸ்பெக்ட்ரஸ் கையை உயர்த்தினார்.

"இது குளோரின் பெண். அது ஆர்கான் பெண். சோடியம் பெண் எங்கே? அவள் இன்று வரவில்லையா?"

டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தார். ஹெட்மிஸ்ட்ரஸ் எங்களைப் பார்த்தார். நாங்கள் தரையைப் பார்த்தோம்.

டீச்சர் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தார். வட்டத்துக்குள் வந்து நின்றார். கட்டைவிரலை உள்ளே மடக்கி, அந்தப் பச்சை வளையலை ஒரே தள்ளாக இடது கையில் தள்ளிக்கொண்டார்.

"நான்தான் சோடியம்" என்றார். "எனக்கு வெளி வட்டத்தில் ஒன்று."

பின்னால் ஒரு நாற்காலி பலகையில் உரசியது. இதைத் துணிச்சல் என்று பிற்பாடு சில பேர் சொன்னார்கள், திமிர் என்று பல பேர் சொன்னார்கள். நான் இரண்டும் சொல்லமாட்டேன். பாடம் பாதியில் நின்றது. ஆள் இல்லை. அவர் நின்றார்.

கொடுக்கிற கட்டம் வந்தது. வளையல் சிறுமிகள் அளவு. போன வேகத்தில் வரவில்லை. விரல் மூட்டில் மாட்டிக்கொண்டு அந்த இடம் சிவந்துவிட்டது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கழட்டறதுக்கும் கொஞ்சம் சக்தி செலவாகும்" என்றார் டீச்சர், பாடம் சொல்கிற குரலிலேயே. "சோடியத்துக்கு மத்த அநேக அணுவைவிடக் குறைச்சலா ஆகும். ஆனா, சும்மா வராது."

வந்தது. என் கையைப் பிடித்து எட்டாவதாகப் போட்டுவிட்டார். பிறகு தன் வட்டத்தின் வெளிக்கோட்டைக் குதிகாலால் தேய்த்து அழித்தார்.

"இப்ப என் வெளி வட்டம் எது?"

"உள்ள இருக்கறது டீச்சர்."

"அதுல எத்தனை?"

"எட்டு டீச்சர்."

"குறை ஏதாவது இருக்கா?"

"இல்ல டீச்சர்" என்று வகுப்பு முழுவதும் கத்தினோம். குழந்தைகள் கத்துவதற்கு அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரிந்தது.

கொடுத்தது பாசிட்டிவ், வாங்கியது நெகட்டிவ், அதனால் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நிற்கும் என்று டீச்சர் முடித்தார். இன்ஸ்பெக்ட்ரஸ் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "ஓர் உப்புக் கல்லில் இந்தச் சோடியம் இந்தக் குளோரினுக்கு மட்டும் சொந்தமா?"

"இல்லை மேடம். யாருக்கும் தனியாச் சொந்தமில்லை. சுத்தி இருக்கிற எல்லாத்தையும் எல்லாம் இழுக்கும். அதனாலதான் கல்லு கல்லா இருக்கு."

"குட்" என்றார். என் வாழ்க்கையில் வெள்ளைக்காரர் ஒருவர் என்னைப் பாராட்டிச் சொன்ன ஒரே வார்த்தை அது. எனக்குப் போதுமானதாக இருந்தது.

வளையல்களைக் கழற்றாமலே வீட்டுக்கு ஓடினேன். அம்மா எண்ணிப் பார்த்தாள்.

"ஏழுன்ன. எட்டு இருக்கே."

"சோடியம் குடுத்துச்சு."

"யாருடி சோடியம்? யாரு வீட்டுல ஒத்துக்கிட்டாங்க?"

"டீச்சர்தான்."

அம்மா அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. என்னைத் துணி துவைக்கிற கல்லுக்கு இழுத்துக்கொண்டு போய், சோப்பு நுரை தடவி அந்தப் பச்சை வளையலைக் கழற்றினாள். அது உடைந்துவிடக் கூடாது என்று மெதுவாகச் செய்தாள். உடைந்தால் அது வேறு சகுனம். கிணற்றடிச் சாக்கடையில் போட்டுவிட்டு என் கையை மறுபடி கழுவினாள். அதற்கப்புறமும் ஒருமுறை கழுவினாள். கோபம் என்று அப்போது நினைத்தேன். அது பயம். பயந்தவர்களோடு பேச முடியாது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"பாடந்தானேடி" என்றார் அப்பா, அம்மாவிடம்.

"நீங்க பேசாதீங்க. நாளைக்கு இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்த சயன்ஸ் வந்து நிக்குமா?"

மறுநாள் அம்மாமார் கூட்டமாக மாடியேறினார்கள். எங்கள் அம்மா முன்னால். ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் கரஸ்பாண்டென்ட் உட்கார்ந்திருந்தார். டீச்சர் நின்றார். சாட்சிக்கு என்னை வகுப்பிலிருந்து கூப்பிட்டார்கள். கேட்பதற்கு என்ன இருக்கிறது, எல்லோரும்தான் பார்த்தார்கள். ஆனாலும் என் மணிக்கட்டை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள் அம்மா.

கரஸ்பாண்டென்ட் மோசமான ஆள் இல்லை. அவசரக்காரர். "டீச்சரம்மா, பதட்டத்துல தெரியாம செஞ்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இவங்களும் போயிடுவாங்க. எனக்கும் கீழ லோடு எறக்கணும்" என்றார்.

"பதட்டம் இல்ல" என்றார் டீச்சர். "ஆள் கேட்டோம். இவாள்லாம் தரமாட்டேன்னுட்டா."

"அதுக்காக நீங்க போட்டுக்கறதா?"

"வேற யார் போட்டுக்கறது?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "நீங்க போட்டுக்கிட்டது ஒங்க இஷ்டம். அதக் கழட்டி ஏன் எம்பொண்ணு கையில மாட்டுனீங்க?"

"அவ குளோரின்."

"அவ எம்பொண்ணு."

கீழே மூட்டை விழுகிற சத்தம் கேட்டது. இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான் என்று எனக்கு இப்போது படுகிறது. அப்போது அம்மாவின் கையிலிருந்து என் கையை விடுவித்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டும்தான் இருந்தது. அவள் விடவில்லை.

கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸ் பேசினார். எனக்கு அவரைப் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்காது, ஆனால் சொன்னதைச் சொல்கிறேன். கரஸ்பாண்டென்டைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"நீங்கள்லாம் பாத்தது வளையல். தொரசானி பாத்தது எலக்ட்ரான். ரிப்போர்ட் எழுதப்போறது தொரசானி."

கரஸ்பாண்டென்ட் மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். "சரி. ரிப்போர்ட் வரட்டும்" என்று இறங்கிப் போனார்.

வந்தது. நல்ல பாடம், நல்ல டீச்சர், சயன்ஸ் வைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். கமிட்டிக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. சுற்று வட்டாரத்தில் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு இப்படிக் கிடைத்ததில்லை என்று ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டார்கள். வளையலை மறந்துவிட்டார்கள். டீச்சருக்கு வேலை நிரந்தரமாயிற்று. அவர் யாரிடமும் ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டி வரவில்லை.

அம்மாமார் மறக்கவில்லை. அவர்கள் சத்தம் போடுவதை நிறுத்திவிட்டார்கள், அவ்வளவுதான். நாலாம் பாரத்தில் சயன்ஸா தையலா என்று கேட்டபோது அநேகமாக எல்லா வீட்டிலும் தையல் என்றார்கள். என் வீட்டில் நான் சாப்பிடாமல் இருந்து பார்த்தேன். அம்மாவும் சாப்பிடாமல் இருந்தாள். அப்பா இரண்டு பேரையும் பார்த்துவிட்டுத் தையலுக்குக் கையெழுத்துப் போட்டார்.

"அந்தப் பொம்பளைக்கிட்டப் படிச்சு ஒனக்கு ஒண்ணு ஆயிட்டா, அப்ப யாரக் கேக்கறது?" என்றாள் அம்மா. என் வருங்காலப் புருஷனைக் காப்பாற்றிவிட்டதாக அவள் சாகிறவரைக்கும் நம்பினாள். நான் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அவள் காப்பாற்றிய ஆள் எங்கே இருந்தாரோ, சௌக்கியமாக இருந்திருப்பார்.

பெஞ்சுக்காரி சயன்ஸில் சேர்ந்தாள். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கோயில் கைங்கரியம் செய்கிற வீடு, காலையில் ஈரத்துணியோடு நடக்கிற மனுஷர், அவள் அப்பா. அவரைக் கேட்டதற்கு, "தீட்டுன்னு தோணித்துன்னா ஆத்துக்கு வந்து ஸ்நானம் பண்ணட்டும். படிப்பு போச்சுன்னா எந்தக் காவேரியில முழுகறது?" என்று சொல்லிவிட்டாராம். அவர்களுக்கு முழுகினால் போகும். எங்கள் வீட்டில் அப்படிப் போவதற்கு வழி எதுவும் வைத்திருக்கவில்லை. அவளோடு இன்னும் சில பேர். ஒரு பெஞ்சை நிரப்புகிற கூட்டம்.

ஜூன் மாதத்தில் பள்ளிக்கூடம் திறந்தது. தையல் வகுப்புக்கும் சயன்ஸ் வகுப்புக்கும் நடுவில் மூங்கில் தட்டிதான். எங்களுக்குக் கைக்குட்டை ஓரம் மடித்துத் தைக்கக் கொடுத்தார்கள். தையல் டீச்சர் வயதானவர், காது மந்தம். எனக்குக் காது நன்றாகக் கேட்டது.

தட்டிக்கு அந்தப் பக்கம் டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். சோடியம் இல்லை, ஒன்றுமில்லை, குளோரினுக்குப் பக்கத்தில் இன்னொரு குளோரின்தான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் ஏழு. இரண்டு பேரும் கொடுக்கமாட்டார்கள். என்ன செய்வது?

"சண்டை போடுமா டீச்சர்?" பெஞ்சுக்காரியின் குரல்.

"போடாது. ஆளுக்கு ஒண்ணு நடுவுல வெக்கும். அந்த ரெண்டையும் ரெண்டு பேருமா சேந்து பிடிச்சுக்கணும். அப்ப நீ எண்ணினாலும் எட்டு, அவ எண்ணினாலும் எட்டு. எங்க, பிடி பாக்கலாம்."

வளையல் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். எந்தக் கை யார் கையைப் பிடித்தது என்று தட்டி இடுக்கில் பார்க்க முயன்றேன். பாவாடை நுனி மட்டும் தெரிந்தது.

"எவ்வளவு நேரம் டீச்சர் இப்படியே பிடிச்சிண்டு நிக்கறது?"

"நீ விட்டா அவளுக்கு ஏழு. அவ விட்டா உனக்கு ஏழு."

"கை வலிக்கறது டீச்சர்."

"வலிக்கட்டும். விடாதே."

தையல் டீச்சர் என் கைக்குட்டையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பார்வை எங்க இருக்கு? கோணலாப் போகுது பாரு. பிரிச்சுட்டு முதல்லருந்து போடு" என்றார்.

பிரித்தேன்.